ஜும்ஆ நேரத்தில் பார்த்த தெரு

தாமிரபரணிக் கரையில் இருந்த அந்தச் சின்ன நகராட்சியில் காசிலிங்கம் பதினாறு வருடமாக வரைவாளர். பூர்வீகம் கல்லிடைக்குறிச்சி. தாத்தா வைத்திருந்த வயலை அப்பா விற்றுத் தீர்த்துவிட்டார். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது, ஊரார் நிலத்துக்கெல்லாம் கலர் அடிக்கிறார் என்று மனைவி கோமு கேலி பேசுவாள். அவருக்கு அதில் பெருமைதான். வெயிலில் நடந்து, கண்ணால் பார்த்துத்தான் கலர் அடிப்பேன் என்பார்.

1995-ல் ஊருக்கு முழுமைத் திட்டம் போட்டார்கள். எந்த நிலம் எதற்கு என்று இருபது வருடத்துக்குத் தீர்மானிக்கிற படம் அது. வயலுக்குப் பச்சை, கடைக்கு நீலம், வீட்டுக்கு மஞ்சள். வீடும் தொழிலும் கலந்த தெருவென்றால் மஞ்சளில் கோடு போட வேண்டும். கோடு இல்லாத மஞ்சளில் மோட்டார் வைத்த தொழிலுக்கு உரிமம் கிடையாது. நாற்பது தெருவை மூன்று வாரத்தில் முடிக்கச் சொன்னார்கள். காசிலிங்கம் பதினெட்டு நாளில் முடித்துக் கொடுத்துப் பாராட்டும் வாங்கினார்.

வரைவுப் படத்தை ஒட்டியதும் ஆட்சேபணை கேட்கும் கூட்டம் நடந்தது. நகராட்சி மண்டபத்தில் இருநூறு பேர், ஓடுகிற மின்விசிறி இரண்டு. மேலத்தெரு முகம்மது மைதீனின் முறை வந்தது. கைலி நெய்கிறவர், வீட்டின் பின்கட்டில் இரண்டு விசைத்தறி வைத்திருந்தார். தெருவில் பாதி வீடுகளில் தறி ஓடும்போது படத்தில் வெறும் மஞ்சள் இருக்கிறது, இந்த வருட உரிமத்தை அதைக் காட்டியே மறுத்துவிட்டார்கள் என்றார். நேரில் போய்ப் பார்த்தது யார் என்று அதிகாரி கேட்டார். காசிலிங்கம் எழுந்து, தான் போனபோது ஒரு தறிச் சத்தமும் கேட்கவில்லை என்றார்.

“எந்தக் கெழமை வந்தீக, சார்?” என்றார் மைதீன்.

அந்தக் கேள்வியில்தான் காசிலிங்கத்துக்கு எல்லாம் விளங்கியது. சாத்திய கதவுகள், தொப்பியோடு எதிரே வந்த ஆண்கள், அமைதியான தெரு. வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை நேரம். பெண்கள் மட்டும் இருக்கிற வீட்டில் கதவைத் தட்டக் கூசி, அரைமணி நேரத்தில் தெருவையே முடித்திருந்தார். பார்த்து வந்ததை எழுதும் படிவத்தில் மாதம்தான் உண்டு, தேதி கிடையாது.

“புதன்கிழமை,” என்றார்.

மைதீன் மனுவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். ஆட்சேபணை தள்ளுபடி. மாதக் கடைசியில் படம் சென்னைக்குப் போகும். அதன் பிறகு மாற்ற முடியாது.

பாராட்டிய அதே அதிகாரி முன்னால் திரும்பிப் போய்ச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பதினோரு நாள் அப்படியே கழிந்தது. கோமு கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார். தறிகளை எண்ணி வந்து, தவறு கண்டுபிடித்ததாக எழுதிவிட்டால் சொன்ன பொய்யை ஒப்புக்கொள்ளாமலே தப்பிக்கலாம் என்று கடைசியில் ஒரு வழி தோன்றியது. அலுவலகத்தில் சொல்லாமல் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மேலத்தெருவுக்குப் போனார்.

தெருமுக்கிலேயே தறிச் சத்தம் கேட்டது. இரண்டு வீடு தாண்டுவதற்குள் யாரோ குரல் கொடுத்தார்கள். ஒவ்வொரு தறியாக நின்றது. உரிமமில்லாத தறியைப் பூட்ட வந்திருக்கிறார் என்று தெருவே நினைத்தது. மைதீன் வாசலுக்கு வந்தார்.

“இப்பவும் சத்தம் கேக்கலேன்னு எழுதிக்கிடும்.”

தறிகளை எண்ணத்தான் வந்தேன், படத்தைத் திருத்தி எழுதப் போகிறேன் என்றார் காசிலிங்கம்.

“அன்னைக்கு அத்தன பேரு முன்னால கூசாமச் சொன்னீரு. இன்னைக்கு ஒத்தையில வந்து நிக்கீரு. எதை நம்பி வே உள்ள விடச் சொல்லுதீரு?”

காசிலிங்கம் ஒரு முழுத்தாளை எடுத்து, மைதீன் வீட்டுச் சுவரில் வைத்தே எழுதினார். பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்தது. கையெழுத்துப் போட்டு நீட்டினார். வாங்கியவர் மனதுக்குள் படிக்கவில்லை. கதவுக்குப் பின்னால் நிற்கிற பெண்களுக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தார்.

“நான் இத்தெருவுக்கு ஒரே ஒரு நாள், வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் வந்தேன். எந்த வீட்டுக்குள்ளும் போகவில்லை. விசாரணையில் புதன்கிழமை என்று சொன்னது பொய்.”

ஒரு வீட்டுக்குள் யாரோ சிரித்தார்கள். அதைவிடத் திட்டியிருந்தால் தேவலை என்று காசிலிங்கத்துக்கு இருந்தது.

“இதை ஆபீசுல நானே கொண்டாந்து கொடுக்கேன். உம்ம கையில விடமாட்டேன்,” என்றார் மைதீன்.

காசிலிங்கம் தலையாட்டினார்.

மைதீன் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார். அன்று மாலைவரை வீடு வீடாக அவரே முன்னால் நடந்தார். காசிலிங்கம் எந்த வீட்டிலும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தறிக் கால்களைப் பார்த்தே நாற்பத்து மூன்று தறிகளையும் எண்ணி முடித்தார்.