ஒரு தடவைகூட எடுக்காதவர்கள்

வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தே தலை நரைத்த மனிதர், நாற்பது தாண்டிய பிறகு வேலையை உதறிவிட்டு ஸ்டார்ட்அப் தொடங்குகிறேன் என்று கிளம்பினால் வீட்டில் சும்மாவா இருப்பார்கள்? சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னார்கள். அவர் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சிறுகடைக்காரர்கள் கடையைச் சாத்தும்போது அன்றைய வரவில் கொஞ்சத்தை எடுத்துச் சேமிக்க ஓர் ஆப் செய்தார். நல்ல யோசனைதான். ஆனால் நல்ல யோசனை சம்பளம் கொடுக்காது. ஆபீஸில் ஒன்பது பேர், அடுத்த மாதத்துக்குக் கையில் ஒன்றுமில்லை. நிதி ஆப்களில் மட்டுமே பணம் போடும் ஒரு முதலீட்டு நிறுவனம் சரி என்று சொன்னால் பிழைப்பார். இல்லையென்றால் இழுத்து மூட வேண்டியதுதான்.

அந்த நிறுவனத்தின் கண்ணாடி அறையில் அவர் தொண்டை வறளப் பேசியபோது, பெரிய முதலாளி தன் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு ஸ்லைடுக்கு மட்டும் தலையைத் தூக்கினார். சேமித்த பணத்தை இதுவரை தொடாதவர்கள் எத்தனை பேர் என்று காட்டும் படம் அது.

"ஒரு தடவைகூடவா எடுக்கலை?"

"ஒரு தடவைகூட எடுக்கலை சார். எங்க மேல அவ்வளவு நம்பிக்கை."

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார், பாவம்.

அந்த நிறுவனத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பணம் போடுவதற்கு முன் வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். நாம் கொடுக்கும் ஆட்களை அல்ல, அவர்களே பார்த்துப் பொறுக்கியவர்களை. இவர் ஆறு கடைக்காரர்களுக்கு என்ன பேச வேண்டும் என்று பாடம் நடத்தி வைத்திருந்தார். விசாரிக்க வந்த பெண் ஆறு பேரையும் ஓரங்கட்டிவிட்டு, நாள் தவறாமல் போட்டு ஒரு தடவைகூட எடுக்காத ஒரு தையல்கடை அம்மாவைத் தேர்ந்தெடுத்தாள். "சாயங்காலம் பேசுறேன், அவங்ககிட்ட சொல்லி வெச்சிடுங்க சார்" என்றாள்.

அந்த அம்மா இவருடைய கூடப்பிறந்த அக்கா. வீட்டு ஆட்களை வைத்துக் கணக்கை ஊதிக் காட்டுகிறான் என்று நினைத்துவிட்டால் எல்லாம் போச்சு. விழுந்தடித்துக்கொண்டு தையல்கடைக்கு ஓடினார்.

"அக்கா, நான் உன் தம்பின்னு மட்டும் சொல்லிடாதே."

"ஏன்டா, நான் உனக்கு அக்கா இல்லையா?"

"இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் இல்லை."

அக்கா சிரித்தாள். இவருக்குச் சிரிப்பு வரவில்லை.

போன் வந்ததும் ஸ்பீக்கரில் போடச் சொல்லி, வெட்டுத்துணிகளுக்கு நடுவே மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். அக்கா தேவைக்கு மேலேயே நடித்தாள். "இந்த ஆப் செஞ்சவரை நான் பார்த்ததே இல்லைம்மா. நல்ல குடும்பத்துப் பிள்ளையாத்தான் இருக்கணும்."

அந்தப் பெண்ணும் சிரித்தாள். பிறகு கேட்டாள்: "இவ்வளவு நாள்ல ஒரு தடவைகூடப் பணத்தை எடுக்கலையே, தேவையே வரலையா அம்மா?"

"வராம என்ன? கண்ணுல ஆபரேஷன் பண்ணியே ஆகணும்னு டாக்டர் சொல்லி எவ்வளவு நாளாச்சு!"

"அப்ப ஏன் எடுக்கலை?"

"எடுத்தா தம்பிக்குக் கணக்கு குறைஞ்சிடுமே."

சொன்ன பிறகுதான் அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். இனி மறைத்து என்ன பயன்? அவர் போனை வாங்கினார்.

"அந்தத் தம்பி நான்தாங்க."

"சார்... எடுக்காதவங்க எல்லாருமே உங்க சொந்தக்காரங்களா?"

"சத்தியமா இல்லைங்க! அக்கா ஒருத்தி மட்டும்தான்."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "சித்தியும் எடுக்கலைடா. உன் மாமியாரும் எடுக்கலை. உன் ஆபீஸ் பசங்களோட அம்மாங்க, அவங்களுக்குத் தெரிஞ்ச கடைக்காரங்க... யாரும் எடுக்கக் கூடாதுன்னு நாங்கதான் பேசி வெச்சுக்கிட்டோம்."

ஸ்பீக்கர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. "உள்ள பேசிட்டுச் சொல்றேன் சார்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அந்தப் பெண் போனை வைத்தாள். இந்தத் தொழிலில் அந்த வார்த்தைக்கு 'முடியாது' என்றுதான் அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். ஒன்பது பேரின் முகமும் கண்முன் வந்து நின்றது.

"யார் உங்களை இதெல்லாம் பண்ணச் சொன்னது?" என்று கத்தினார்.

"நீதானேடா வீட்டுக்கு வந்தப்பல்லாம் பெருமையாச் சொன்னே, எடுக்காம இருக்கிறவங்கதான் என் பலம்னு. எங்களால வேற என்ன பண்ண முடியும்?"

ஆபீஸ் போய்விடும், அது உறுதி. ஆனால் அதைவிட, அக்கா கண் மங்கிக்கொண்டே தினமும் பணம் போட்டாள், அதை இவர் ஊரெல்லாம் படம் போட்டுக் காட்டினார் என்பதுதான் அவரை அறுத்தது. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அழுது முடித்துவிட்டு, "இப்பவே எடு அக்கா, முழுசையும் எடு" என்றார்.

அக்கா போனை மூக்குக்கு அருகில் கொண்டுபோய்த் தேடினாள். மேலே தேடினாள், கீழே தேடினாள். "எங்கடா அமுக்கணும்? ஒண்ணுமே தெரியலையே."

தெரியாதுதான். யாரும் சட்டென்று எடுத்துவிடக் கூடாது என்று அந்தப் பொத்தானை ஓர் ஓரத்தில், பொடி எழுத்தில், வெளிறிய நிறத்தில் வைக்கச் சொன்னவரே அவர்தான்.

அக்காவின் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்தார். விரல் அமுக்கவில்லை.

"எடுத்துட்டா உனக்கு ஒண்ணும் ஆகாதே?"

"ஆகாது அக்கா" என்றார்.