முதலில் போன வண்டி

ஆஸ்பத்திரிக் கமிட்டியில் என்னைச் சேர்த்ததற்குக் காரணம் என் வாய்தான். எங்கள் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் பெண்கள் கழிப்பறைக்கு மாதக்கணக்காகக் கதவில்லை என்று மனு மேல் மனுவாகப் போட்டேன். தென்காசியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவளுக்கு மனு தயாரிப்பது பெரிய காரியமில்லை. இந்த அம்மாவை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டால் வெளியே நின்று கத்த மாட்டாள் என்று யாரோ யோசித்திருக்க வேண்டும். நோயாளர் நலக் கமிட்டியில் பொதுமக்கள் சார்பாக நானும் ஓர் உறுப்பினர் ஆனேன். கதவும் வந்துவிட்டது.

பெரிய டாக்டர்தான் கமிட்டிக்குத் தலைவர். மற்றவர்கள் ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த வியாபாரிகள், ஒரு வக்கீல், ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர். இரண்டு கூட்டம் உட்கார்ந்ததிலேயே, இவர்கள் கமிட்டியில் இருப்பது எதற்கு என்று எனக்குப் புரிந்துபோனது. மச்சினனை வரிசையில் நிற்காமல் உள்ளே அனுப்புவது, சம்பந்திக்கு ஜன்னலோரக் கட்டில் வாங்கிக் கொடுப்பது, அவ்வளவுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரியை மேற்பார்வையிட வந்தவர்களுக்கு முதலில் ஒரு நடத்தை விதி வேண்டும் என்று எழுந்து நின்று சொன்னேன். எல்லோரும் உடனே தலையாட்டினார்கள். அப்படி உடனே தலையாட்டினால் சந்தேகப்பட வேண்டும் என்று இப்போது தெரிகிறது.

விதிகளை என் கடையிலேயே அடித்தேன். மொத்தம் ஏழு. நான்காவது விதி இது: உறுப்பினர் எவரும் தமக்கோ தம் குடும்பத்தாருக்கோ சிகிச்சையில் முன்னுரிமை கேட்கக் கூடாது, தானாகக் கொடுத்தாலும் ஏற்கக் கூடாது. 'தானாகக் கொடுத்தாலும்' என்பதை நான்தான் யோசித்துச் சேர்த்தேன். சேர்த்துவிட்டு இரண்டு நாள் பெருமையாகவே திரிந்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். விதியை மட்டும் எழுதி வைத்தால் போதாது, உறுப்பினர்களின் படத்தையும் போட்டு அவசரப் பிரிவு வாசலில் மாட்ட வேண்டும் என்றேன். முகம் தெரிந்தால்தானே, இவர் சலுகை கேட்டார் என்று ஜனங்கள் புகார் செய்ய முடியும்? பெரிய ஃபிளெக்ஸ் அடித்து மாட்டினோம். நடந்ததோ தலைகீழ். ஜனங்கள் யாரும் புகார் செய்யவில்லை. ஊழியர்கள்தான் எங்கள் முகங்களை மனப்பாடம் செய்துகொண்டார்கள். அதுவரை எல்லோரையும் ஒரே மாதிரி விரட்டிக்கொண்டிருந்த வாட்ச்மேன், அதற்குப் பிறகு என்னைக் கண்டால் எழுந்து நின்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தன் படம் மங்கலாக விழுந்திருக்கிறது, மாற்றித் தாருங்கள் என்று வக்கீல் என் கடைக்கே வந்து கேட்டார்.

நான் மட்டும் சுத்தமாகத்தான் இருந்தேன். பக்கத்துப் பாத்திரக்கடை அண்ணாச்சி மூட்டு வலிக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொன்னபோது, விதி என்று ஒன்று இருக்கிறது அண்ணாச்சி என்று வகுப்பே எடுத்துவிட்டேன். மனிதர் ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. அதைக்கூட வெற்றியாகத்தான் நினைத்தேன்.

குற்றாலத்தில் சீசன் உச்சத்தில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். கூட வேன் ஓட்டும் இரண்டு பேரோடு, கூட்டம் சேருமுன் குளித்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று விடியற்காலையிலேயே ஐந்தருவிக்குப் போனார். பத்தரை மணிக்குப் போன் வந்தது. பாசியில் கால் வழுக்கிப் பின்மண்டை படியில் மோதிவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டோம், பயப்படாமல் வாங்க என்றார்கள். பயப்படாமல் வாங்க என்று சொன்னால் அதற்குப் பிறகு எப்படிப் பயப்படாமல் போவது?

நான் போனபோது தலையைச் சுற்றிய துண்டு முழுக்க ரத்தம். ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி, "வேனை எங்கன விட்டேன்?" என்று கேட்டார். அன்று அவர் வேனையே எடுக்கவில்லை, நண்பரின் காரில்தான் போயிருந்தார். சொன்னேன். தலையாட்டிவிட்டு மறுபடியும் அதையே கேட்டார். மூன்றாவது தடவை கேட்டுவிட்டு வாந்தி எடுத்தார். டியூட்டியில் இருந்த சின்ன வயசு டாக்டரம்மா, மண்டைக்குள் ரத்தம் கசிகிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும், அந்த வசதி இங்கே இல்லை, உடனே திருநெல்வேலிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்.  சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எங்களுக்கு முன்பே அங்கே ஒரு ஸ்ட்ரெச்சர் கிடந்தது. அதில் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, மூக்கில் ஆக்சிஜன் மாட்டியிருந்தார்கள். பக்கத்தில் மகள், இருபத்தைந்து வயதிருக்கும், முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு ஓ.பி. சீட்டால் தாய்க்கு விசிறிக்கொண்டிருந்தாள். அச்சன்புதூரிலிருந்து வந்திருந்தார்கள். இவரை இறக்கும்போதே அவர்கள் அங்கே இருந்ததாகக் கூட வந்த நண்பர்கள் சொன்னார்கள், அதனால் அவர்கள்தான் முதலில் வந்தவர்கள் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். நான் உள்ளே ஓடி வரும்போதே டாக்டரம்மா அந்தப் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தார். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்திருக்கிறது, திருநெல்வேலியில் அடைப்பைக் கரைக்கும் ஊசி போடுவார்கள், ஆனால் குறிப்பிட்ட நேரத்துக்குள் போட்டாக வேண்டும், வண்டி வந்ததும் கிளம்புங்கள் என்று அவர் சொன்னதை என் காதால் கேட்டேன்.

வண்டிதான் இல்லை. சீசனுக்காக ஆம்புலன்ஸ்களை அருவிப் பக்கம் நிறுத்தியிருந்தார்கள். ஒன்று சிவகிரிப் பக்கம் போயிருந்தது. கடைசியில் ஒன்று வந்து வாசலில் நின்றது. டாக்டரம்மா உள்ளே வேறொரு கேஸில் இருந்தார். நர்ஸம்மா திருநெல்வேலிக்கு அனுப்பும் சீட்டுகள் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு வந்தார். யாரு முதல்ல என்று டிரைவர் கேட்டார்.

"மேடத்தோட சாருதான்" என்றார் வாட்ச்மேன். "நம்ம கமிட்டி மேடம்லா."

நர்ஸம்மா சுவரில் இருந்த ஃபிளெக்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எங்கள் சீட்டை எடுத்து மேலே வைத்தார். நடந்தது அவ்வளவுதான். யாரும் உத்தரவு போடவில்லை, நானும் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த இடத்தில் நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அந்த அம்மாவை முதலில் ஏற்றுங்கள் என்பது. விதியின் எண் கூட எனக்கு ஞாபகம் வந்தது. ஆனால் வாயைத் திறந்தால் இவர் செத்துவிடுவார் என்று தோன்றியது. நான் கேட்கவில்லையே, அவர்களாகத்தானே கொடுக்கிறார்கள் என்றும் உள்ளே ஏதோ சொன்னது. இதையெல்லாம் விட வெட்கப்பட வேண்டியது ஒன்று உண்டு. வாட்ச்மேன் என்னைக் காட்டிய அந்த நிமிஷம் எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

வண்டியைப் பார்த்ததும் அந்தப் பெண், தங்களுக்குத்தான் என்று நினைத்துத் தாயின் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள். உங்களுக்கு அடுத்த வண்டி, இப்பம் வந்துரும் என்றார் வாட்ச்மேன். அவள் என்னைப் பார்த்தாள்.  எங்கள் ஸ்ட்ரெச்சரின் சக்கரம் வாசல் மேட்டில் மாட்டிக்கொண்டு நகரவில்லை. அவள் பையைக் கீழே வைத்துவிட்டு வந்து, என் வீட்டுக்காரரின் கால் பக்கத்தைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். நான் அவளுடைய கைகளை மட்டும் பார்த்தேன். முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

பாவூர்சத்திரம் தாண்டும் வரை அவருடைய நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே குற்றாலத்துக்குப் போகும் கார்களும் வேன்களும் விலகாமல் வந்துகொண்டே இருந்தன. டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. ஆலங்குளம் வந்தபோது என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்து என்னை நன்றாகப் பார்த்தார்.

"எதுக்கு அழுவுத? எனக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் என் பயம் அங்கேயே இடம் மாறிவிட்டது. இவருக்கு ஒன்றுமில்லை என்றால் இந்த வண்டி யாருடையது? அதன் பிறகு திருநெல்வேலி வரை நான் பின்பக்கக் கண்ணாடி வழியாக ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். பின்னால் ஒரு ஆம்புலன்ஸும் வரவில்லை.

ஸ்கேனில் உள்காயம் எதுவும் இல்லை. வெளிக்காயத்துக்குத் தையல் போட்டார்கள். இரண்டு நாள் இருந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்றார்கள். அவரைக் கட்டிலில் விட்டுவிட்டு நான் கீழே வந்து அவசரப் பிரிவு வாசலில் நின்றேன். ஒவ்வொரு சைரன் சத்தத்துக்கும் எட்டிப் பார்த்தேன். ஒரு வண்டியிலிருந்து பிரசவத்துக்கு வந்த பெண்ணை இறக்கினார்கள், இன்னொன்றில் விபத்துக் கேஸ். ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழித்துத்தான் அந்த அம்மா வந்தார். உயிர் இருந்தது, கண் திறந்திருந்தது. மகள் ஸ்ட்ரெச்சரோடு ஓடினாள். நான் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றுகொண்டேன். மனு போடுவதற்கு மட்டும் எனக்கு அவ்வளவு வாய் இருந்தது.

அந்த இரண்டு நாளும் அந்தப் பெண் எதிரே வந்துவிடக் கூடாதே என்று பின்பக்கப் படியில்தான் ஏறி இறங்கினேன். ஊசி போட்டார்களா, நேரத்துக்கு வந்தார்களா என்று எந்த நர்ஸிடமும் கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களே என்ற பயத்தில் கேட்கவில்லை.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் நடந்ததை நானே சொன்னேன். நான்காம் விதியை மீறியவள் நான், பதிவு செய்யுங்கள் என்றேன். நீங்கள் வாய்விட்டுக் கேட்டீர்களா என்றார் பெரிய டாக்டர். இல்லை என்றேன். பிறகென்ன என்றார். புகார் இல்லாமல் விசாரணை கிடையாது என்றார் வக்கீல். அந்த அம்மாவுக்கு என்ன ஆனது என்றாவது கேட்டுச் சொல்லுங்கள் என்றேன். வெளியே அனுப்பிய கேஸுக்கு நம்மிடம் பதிவு இருக்காது என்றார்கள். பிறகு எல்லோரும் என் வீட்டுக்காரரின் தலைக்காயத்தை அக்கறையாக விசாரித்தார்கள். டீயும் வடையும் வந்தன. தீர்மானப் புத்தகத்தில் என்னைப் பற்றி ஒரு வரியும் ஏறவில்லை.

அதன் பிறகுதான் கடையில் உட்காருவதே எனக்குப் பயமாகிவிட்டது. யாராவது செத்துப்போனால் அந்த வீட்டுக்காரர்கள் முதலில் தேடி வருவது ஜெராக்ஸ் கடையைத்தான். இறப்புச் சான்றிதழைக் கொடுத்துப் பத்து காப்பி போடச் சொல்லுவார்கள். முன்பெல்லாம் தாளில் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவே மாட்டேன், கண்ணாடி மேல் கவிழ்த்துப் பொத்தானை அமுக்குவேன். இப்போது ஊர்ப் பெயரைப் படிக்காமல் கவிழ்க்க முடியவில்லை. அச்சன்புதூர் என்று கண்ணில் பட்டால் வயதைப் பார்ப்பேன், ஆணா பெண்ணா என்று பார்ப்பேன். அது அந்த அம்மாவுடையது இல்லை என்று தெரிந்த பிறகுதான் பொத்தானை அமுக்குவேன். அடுத்தவர் வீட்டுச் சாவைப் பார்த்து ஆறுதல் அடைகிறவளாக ஆகிவிட்டேன்.

சீசன் முடிகிற நேரம், ஒரு மத்தியானம் அவளே வந்தாள். சாரலில் நனைந்த முக்காடு, மார்போடு அணைத்த பிளாஸ்டிக் பைல். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எல்லாத்திலயும் மூணு காப்பி என்று தாள்களைக் கவிழ்த்துக் கொடுத்தாள். மேலே இருந்ததைத் திருப்பினேன். டிஸ்சார்ஜ் சீட்டு. அப்படியானால் உயிரோடு இருக்கிறார். கண்ணில் நீர் வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் கீழே இருந்த வரிகளைப் படித்தேன். நேரம் கடந்து வந்ததால் ஊசி போடப்படவில்லை. வலது கை, வலது கால் செயலிழப்பு. பேச்சு இல்லை. முதல் காப்பி கோணலாக விழுந்தது. கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எடுத்தேன்.

"சார் இப்பம் எப்படி இருக்காவ?" என்று கேட்டாள்.

வந்ததிலிருந்தே என்னைத் தெரிந்துதான் நின்றிருக்கிறாள். நன்றாக இருக்கிறார், வேலைக்குப் போகிறார் என்றேன்.  அவள் தாயைப் பற்றிச் சொன்னாள். அண்ணன் துபாயில் இருக்கிறானாம். தினமும் சாயங்காலம் போனில் முகம் பார்த்துப் பேசுகிறானாம். அவன் பெயரைச் சொல்ல உம்மா வாயை அசைத்து அசைத்துப் பார்க்குமாம், சத்தம் மட்டும் வராதாம். யாரையும் குறை சொல்லாமல்தான் சொன்னாள்.

இந்தத் தாள்கள் உதவித்தொகைக்கான ஊனச் சான்றிதழுக்கு என்றாள். நம்ம ஆஸ்பத்திரியில் புதன்கிழமை முகாம், கூட்டம் அம்மும், உம்மாவால் வெகுநேரம் உட்கார முடியாது, நீங்க ஒரு வார்த்தை சொன்னால் சீக்கிரம் பார்த்து அனுப்பிவிடுவார்களாம் என்றாள். இத்தனை நாளும் இவள் வந்து என் மேல் மண்ணை வாரித் தூற்றுவாள் என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். அப்படிச் செய்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"அன்னைக்கு முதல்ல போயிருக்க வேண்டியது ஒங்க உம்மாதாம்மா. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் பேசாம இருந்துட்டேன்."

அவள் காப்பிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து அடுக்கினாள். முகத்தில் கோபம் எதுவும் இல்லை.

"தெரியும்க்கா. அதனாலதான் ஒங்ககிட்ட வந்தேன்."

பைலை மூடி மேசை மேல் வைத்துவிட்டு, நான் போனை எடுப்பதற்காகக் காத்து நின்றாள்.