ஜப்பான் காருக்கு ஒரு திரைக் கம்பி

என் மனைவியின் தம்பிக்குப் பெண் பார்க்க ஈப்போவிலிருந்து ஆயர் தாவாருக்குப் போனோம். மச்சான் அப்போதுதான் ஜப்பானில் யாரோ ஓட்டி முடித்த கார் ஒன்றை வாங்கியிருந்தான். வழியெல்லாம் அதன் பெருமைதான். அதில் ஹீட்டர்கூட உண்டாம். எங்கள் பேராக் மாநில வெயிலில் காருக்குள் குளிர்காயும் பாக்கியம் வேறு யாருக்கு வாய்க்கும்?

பெண் வீட்டு வாசலில் நிறுத்தியதும் முன்பக்கமிருந்து ஆவி கிளம்பியது. ஹீட்டருக்குச் சுடுதண்ணீர் போகும் ரப்பர் ஹோஸ் இரண்டை இணைக்கும் பிளாஸ்டிக் மூட்டு, முறுக்கு மாதிரி நொறுங்கியிருந்தது.

பெண்ணின் அப்பா லாரி ஓட்டுபவர். "இஞ்சின் ஆறட்டும் தம்பி, ஏதாச்சும் செய்யலாம்" என்றார்.

மச்சான் வெள்ளைச் சட்டையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "ஒரிஜினல்தான் போடணும் அங்கிள். ஜப்பான்லேருந்து வரணும்."

"வர்ற வரைக்கும் இங்கயே தங்கப் போறீங்களா?" என்று கேட்டபடி பட்டுப்புடவையில் பெண்ணே வெளியே வந்தாள். "ஹீட்டர் எப்பவாச்சும் போட்டிருக்கீங்களா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு லா அது?"

இஞ்சின் ஆறியதும் அவள் ஹோஸின் வாயில் விரலை விட்டு அளந்து பார்த்தாள். உள்ளே போய், ஜன்னல் திரையை உருவிவிட்டு அதன் கம்பியோடு வந்தாள். குழாய் மாதிரி உள்ளே கூடான எவர்சில்வர் கம்பி. அவள் பிடித்துக்கொள்ள, அப்பா விரல் நீளத்துக்கு அறுத்து, முனையை ராவி, இரு ஹோஸுக்குள்ளும் செருகி வளையத்தை இறுக்கினார். தண்ணீர் ஊற்றினோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை. திரையில்லாத ஜன்னல் வழியே முகத்தில் வெயில் அடிக்க, நாங்கள் கேசரி தின்றோம்.

திரும்பும்போது மச்சான் என்னிடம் சொன்னான்: "பாத்தீங்களா மச்சான், வேற காரா இருந்தா இஞ்சினே போயிருக்கும்."

சில நாளில் பெண்ணின் அம்மா என் மனைவிக்கு போன் செய்தார். "பிள்ளைக்கு இஷ்டமில்லக்கா. எல்லாரும் வேல செய்யறப்ப அவரு சும்மா நின்னாருன்னு சொல்லுது."

உறவினர்களிடம் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டோம். நானும் மனைவியும் புதுத் திரைக் கம்பி வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தோம்.

பிறகு ஒருநாள் ஜப்பான் மூட்டு வந்து சேர்ந்தது. ஈப்போ புந்தோங்கில் உள்ள பட்டறைக்காரர் இரண்டையும் பார்த்தார். "அண்ணே, உள்ள இருக்கிறது எவர்சில்வர். இது பிளாஸ்டிக். மாத்தணுமா?"

"ஒரிஜினல் லா" என்றான் மச்சான்.

அவர் மாற்றிக் கொடுத்தார்.