சாராயம் குடித்த கார்

செஞ்சி மெக்கானிக் கௌஸ் பாஷா சாராயத்தைத் தொட்டதில்லை. குடித்தது அவர் கார். பழைய லாரியில் கழற்றிய, வேகம் கூட்டும் டர்போவைப் பொருத்தியபின், அது பெட்ரோலுக்கு முரண்டு பிடித்தது, சாராயத்துக்குப் பறந்தது. ஆகவே நாள்தோறும் கேனோடு சாராயக் கடைக்குச் சென்று, தண்ணீர் கலக்காத சரக்கைக் கூடுதல் விலைக்கு வாங்கினார். கேனைப் பார்த்த ஊர் அவரைக் குடிகாரராக்கியது. மகள் முன்னியின் நிச்சயதார்த்தம் ஆட்டங்கண்டது. உண்மையை நிரூபிக்க, மாப்பிள்ளையின் தகப்பனார் நூருல்லாவின் கண்ணெதிரே கேனைக் காரின் டாங்கில் கவிழ்த்து, அவரை ஏற்றிக்கொண்டு, அவலூர்பேட்டைச் சாலையில் பஸ்களை முந்தினார்.

"இப்ப நம்புறீங்களா சம்பந்தி? வண்டிதான் குடிக்குது."

நூருல்லா வியர்வையைத் துடைத்தார். "பெட்ரோலவிட செலவு ஜாஸ்தியா?"

"வெலயும் டபுள், குடிக்கிறதும் டபுள்."

"குடிகாரனுக்குக் காலைல தெளிஞ்சிடும் பாய். உங்களுக்கு எப்ப தெளியும்?"

அன்றே டர்போவைக் கழற்றிவிட்டார் பாஷா. மாப்பிள்ளை ஊர்வலத்தில் கார், மாட்டுவண்டிக்குப் பின்னால் அடக்கமாகச் சென்றது.