கம்பியின் மேல் ஒரு கோடு நெயில் பாலிஷ்

என் தம்பி தன் காரின் பானட்டுக்குள் ஒரு சிவப்புக் கம்பியைப் பூட்டியிருக்கிறான். முன்சக்கரங்களின் அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷன் தலைகள் இரண்டையும் அது இழுத்துப் பிடிக்கிறதாம்.

"கொண்டை ஊசி வளைவுல பாடி முறுக்கிக்காதுக்கா. வண்டி கல்லு மாதிரி நிக்கும்."

"ஏலே, டயரு மொட்டையாக் கெடக்கு. மொதல்ல அத மாத்து."

கேட்கவில்லை.

இன்று வெள்ளனே, கம்பியின் ஒரு முனை போல்ட்டை மட்டும் அவனையே தளர்த்தச் சொன்னேன். இனி அந்தக் கம்பி எதையும் பிடிக்காது. அந்த முனையிலிருந்து காரின் தகடு வரை நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்தேன். பாடி முறுக்கிக்கொண்டால் கோடு உடையும். உடையாவிட்டால் நாளைக்கே புது டயர். ஒப்புக்கொண்டான்.

பெரும்பாறையிலிருந்து நாயுடுபுரம் வரை மலைப்பாதையில் ஒரு வளைவையும் அவன் சும்மா விடவில்லை. நான் கைப்பிடியை விடவில்லை.

வீட்டு வாசலில் பானட்டைத் திறந்தோம். கோட்டில் ஒரு கீறல்கூட இல்லை!

குனிந்து குனிந்து பார்த்தவன் சொன்னான்: "ஒன் பாலிஷுதான் இறுக்கிப் பிடிச்சிருச்சுக்கா."

சரிதான். கம்பியைக் கழற்றிவிட்டு அங்கே பாலிஷையே பூசிவிடுகிறோம். டயர் நாளைக்கு வருகிறது. என்ன நிறப் பாலிஷ் பூசலாம் என்று மட்டும் நீங்கள் சொல்லுங்கள்.