லோகேஸ்வரனின் பச்சைக் கட்டங்கள்

லோகேஸ்வரன் என்ன வேலை பார்க்கிறார் என்று மலேசியாவின் பாடாங் செராயில் யாரைக் கேட்டாலும், "கூலிம்ல கிளவ் பேக்டரி, கம்ப்யூட்டர்ல என்னமோ" என்பார்கள். அந்த 'என்னமோ' அவருக்குப் பிடிக்காது. நிறுவனக் கட்டமைப்பாளர் என்று அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கிறதே! எந்த வேலைக்கு எந்த மென்பொருள், எது எதற்குத் தகவல் கொடுக்கிறது, எதை நிறுத்தினால் எது படுத்துக்கொள்ளும் என்று அந்தக் கையுறைத் தொழிற்சாலை முழுவதையும் கட்டங்களும் அம்புகளுமாக வரைந்து வைப்பதுதான் அவர் தொழில். மனைவி ஷீலா இதைச் சுருக்கமாக முடித்துவிடுவார்.

"கட்டம் போடுவாரு. அடுத்த வாரம் அதே கட்டத்துக்குக் கலர் மாத்துவாரு."

போன வருடம் அந்தக் கட்டங்களைப் பராமரிப்பதற்கென்றே நிறுவனம் ஒரு மென்பொருள் வாங்கியது. சட்டதிட்டம் எழுதியவர் லோகேஸ்வரன். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பொறுப்பாளர் பெயர் வேண்டும். பெயர் இருந்தால் கட்டம் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. ஒருமுறை ஏறிய பெயரை எடுக்க வேண்டுமானால், அடுத்து வருகிற ஆள் சம்மதம் தர வேண்டும். இந்தக் கடைசி விதியில் அவருக்கு அலாதிப் பெருமை. யாரும் நழுவ முடியாதாம்.

நழுவுவது இருக்கட்டும், மாட்டிக்கொள்ளவே ஆள் இல்லை. கிடங்கு மேலாளர் ஜெயகுமார், கோயிலுக்கு ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்துவிட்டு, வெளிச்சமே வெளியே வராதபடி அதில் தன் பெயரை எழுதி வைத்தவர். அப்பேர்ப்பட்டவரே கிடங்கு மென்பொருளுக்குப் பெயர் கேட்டதும் பதறிப்போனார்.

"அலாமாக்! என் பேரு வேணாம்லா அண்ணே. நாளைக்கு அது படுத்துச்சுன்னா என்னையத்தான் கூப்புடுவானுங்க."

இந்த நேரம் பார்த்து, கட்டமைப்புப் பிரிவுக்குத் தலைவர் பதவி ஒன்று வரப்போவதாக இயக்குநர் அறிவித்தார். லோகேஸ்வரனுக்குத் தூக்கம் போயிற்று. கதவு வைத்த தனி அறை! போட்டிக்கு இருந்தது, கட்டங்களை அவரோடு பாதிப் பாதியாகப் பிரித்துப் பார்த்துக்கொண்ட இளம்பெண் பிரிஜெட் மட்டும்தான். அவரோ பிரிவு பிரிவாக நடந்து, கெஞ்சிக் கூத்தாடிப் பெயர் வாங்கிக்கொண்டிருந்தார். அவர் பங்குக்கு வந்த கட்டங்களில் பாதி இன்னும் சிவப்பு.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போனதும், லோகேஸ்வரன் தன் பங்கில் நாதியற்றுக் கிடந்த கட்டங்கள் அத்தனையிலும் தன் பெயரையே போட்டார். பதவி கைக்கு வரட்டும், பிறகு ஆள் பிடித்து மாற்றிக்கொள்ளலாம் என்பது கணக்கு. திரை பச்சைப் பசேல் என்று ஆயிற்று. கூட்டத்தில் அதைப் பார்த்த இயக்குநர் கை தட்டினார். வீட்டுக்குப் போகிற வழியிலேயே லோகேஸ்வரன் புதுச் சட்டை ஒன்று வாங்கிவிட்டார்.

அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த நாளில்தான் அறிவிப்பு வந்தது. தலைவர், பிரிஜெட்.

இயக்குநர் லோகேஸ்வரனைத் தனியே கூப்பிட்டுத் தோளில் தட்டினார். பாதித் தொழிற்சாலையைத் தனி ஆளாகத் தாங்குகிறவரை எடுத்து அறைக்குள் உட்கார வைத்தால், அதையெல்லாம் யார் பார்ப்பது? உங்களை நகர்த்தவே முடியாது என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

லோகேஸ்வரன் நேரே பிரிஜெட்டின் புது அறைக்குப் போனார். கதவு உண்மையிலேயே நன்றாக இருந்தது.

"பிரிஜெட், அந்தக் கட்டத்துல எல்லாம் என் பேர மட்டும் எடுத்துடும்மா."

"எடுத்துடலாம் அண்ணே. அடுத்தது யாரு ஒத்துக்கிட்டாங்க?"

"யாரும் இல்ல."

"அப்ப முடியாதேண்ணே. ரூல்ஸ் எழுதுனது நீங்கதானே?" பிரிஜெட் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

கைப்பேசி அடித்தது. ஜெயகுமார்.

"அண்ணே, கிடங்கு சிஸ்டம் படுத்துருச்சு. லோரி எல்லாம் வாசல்ல நிக்குது. நல்லவேளை, உங்க பேரு இருக்குன்னு சொன்னாங்க. சீக்கிரம் வாங்கலா!"

புதுச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, லோகேஸ்வரன் கிடங்குக்கு நடந்தார்.