அவன் இரண்டு தடவைதான் கூப்பிட்டான்

இதை எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாகவே பல வருசம் ஓடிவிட்டது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கடிதாசி தவிர வேறு எழுதிப் பழக்கமில்லை. ஆனால் தள்ளிப் போட்டதற்கு அது காரணமில்லை. எழுதினால் என் யோக்கியதையை நானே ஊருக்குக் காட்ட வேண்டுமே என்கிற பயம்தான். இப்போது என் சிநேகிதன் செத்த கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். நடந்தது நடந்தபடி தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஈசனை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ராஜபாளையத்தில் வண்டிப்பேட்டைக்கு எதிரே எனக்குக் கயிற்றுக்கடை. கடையை ஒட்டிய புளியமரத்தடியில் அவன் மாடுகளுக்கு லாடம் கட்டுவான். மாட்டைச் சாய்த்து நாலு காலையும் சேர்த்துக் கட்டக் கயிறு வேண்டும். அப்படித்தான் எங்களுக்குள் பழக்கம். வாயில் நாலைந்து ஆணியைக் கவ்விக்கொண்டே மாட்டோடு பேசுவான். "செத்தப் பொறுத்துக்கோ ராசா, ஒனக்குத்தான் புதுச் செருப்பு" என்பான். பருத்திப் பொதி ஏற்றி வந்து வெயிலில் காய்ந்து கிடக்கிற வண்டிக்காரர்கள்கூட அவன் பேச்சுக்குச் சிரித்துவிடுவார்கள். என்னை மாப்ளே என்பான், நானும் அவனை அப்படியே கூப்பிடுவேன். எனக்கு அம்மை போட்டுக் கிடந்தபோது என் சொந்தக்காரர்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள். உள்ளே வந்து என்னைப் புரட்டிப் படுக்க வைத்து வேப்பிலையால் தடவிக் கொடுத்தவன் அவன். எனக்குக் கூடப்பிறந்தவர் கிடையாது. அதற்குப் பிறகு அந்தக் குறை எனக்கு இல்லை.

அவனிடம் ஒரு வழக்கம் உண்டு. யாரையும் இரண்டு தடவைக்கு மேல் கூப்பிட மாட்டான். கொம்பைப் பிடிக்க ஆள் வேண்டுமென்றால் இரண்டு குரல் கொடுப்பான். வராவிட்டால் தன் முழங்காலாலேயே மாட்டை அமுக்கிக்கொண்டு ஆணியை அடித்துவிடுவான். ஒருநாள் கேட்டேன். "ரெண்டு கொரலுக்கு வராதவன் மூணாவதுக்கா வரப் போறான்?" என்றான்.

வருசா வருசம் ஆடி மாதம் நாங்கள் இருவரும் கூமாப்பட்டிக்கு மேலே மலைமேல் இருக்கிற சுவாமியைப் பார்க்கப் போவோம். கூட்டம் வேண்டாமென்று அமாவாசைக்கு மூன்று நாள் முன்பே ஏறிவிடுவோம். அங்கே இருக்கும் கிணற்றுக்கு நான் ஒரு வாளிக்கயிறு காணிக்கையாகக் கொண்டுபோவேன். நாங்கள் விரதம் இருந்தால் வீட்டில் பெண்டுகளும் இருக்க வேண்டும். மலை இறங்கி வரும்வரை எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது.

பாதி வழியில் காவல்சாமி கல் ஒன்று உண்டு. அதைத் தாண்டிய பிறகு பின்னாலிருந்து யார் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது, ஏன் என்று கேட்கக் கூடாது. மலையில் திரிகிற காத்துக்கருப்பு நமக்கு வேண்டியவர் குரலில் இரண்டு தடவை கூப்பிடும். மூன்றாவது தடவை அதனால் முடியாது. மூன்றாவது குரல் வந்தால்தான் மனிதன். எங்கள் பக்கத்தில் இதை அறியாதவர் இல்லை. அந்தி நேரத்தில் ஊருக்குள்ளேயே மூன்று குரலுக்குப் பொறுத்துத்தான் கதவைத் திறப்போம்.

அவன் இறந்ததற்கு முந்தின வருசம், கல்லைத் தாண்டியதும் பின்னால் தங்கி நின்று வேண்டுமென்றே என்னைக் கூப்பிட்டான். நான் நின்ற இடத்தில் விறைத்துப்போய்ச் சிவநாமம் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். ஓடி வந்து என் முதுகில் தட்டிச் சிரித்தான். ஊருக்கு வந்து பேட்டை முழுக்கச் சொன்னான். "எங்க சாமியாரு மலையில கல்லாச் சமைஞ்சுட்டாரு." ஒரு மாதம் வண்டிக்காரர்கள் என் முதுகுக்குப் பின்னால் மாப்ளே, மாப்ளே என்று கூப்பிட்டு விளையாடினார்கள். நானும் சிரித்தேன். உள்ளே அது முள்ளாகக் கிடந்தது.

ரயில் வந்து சில வருசம் ஆகியிருந்தது. அந்த ஆடியில் ரயிலில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஆண்டாளைக் கும்பிட்டு, வண்டி பிடித்து வத்திராயிருப்பு வழியாகக் கூமாப்பட்டிக்குப் போனோம். விடிந்ததும் ஏறினோம். காவல்சாமி கல்லைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு ஓடை. கணுக்கால் அளவுதான் தண்ணீர். நடுவிலே ஒரு பாறை. காலில் முள் தைத்துவிட்டது என்று அவன் அதன்மேல் உட்கார்ந்தான். என்னை முன்னால் போகச் சொன்னான். நான் கரையேறி, திருப்பம் தாண்டிப் போனேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. மேலே மலை தெரியவில்லை, ஒரே மூடாக்கு.

பின்னாலிருந்து "மாப்ளே" என்று கேட்டது.

நின்றுவிட்டேன். மறுபடியும் "மாப்ளே" என்று கேட்டது. இரண்டாவது குரல் சீக்கிரம் வந்தது. பாதியில் நறுக்கினாற்போல இருந்தது.

நான் திரும்பவில்லை. தோளில் கிடந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது குரலுக்காக நின்றேன். பயந்துதான் நின்றேன் என்று பல வருசம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் பாதிதான். இந்த வருசம் நீ சிரிக்க நான் இடம் கொடுக்க மாட்டேன் என்கிற வீம்பு மறுபாதி. அவன் இரண்டு தடவைக்கு மேல் யாரையும் கூப்பிட மாட்டான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் நின்றேன்.

வண்டியிலிருந்து பொதி உருளுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அப்புறம்தான் ஓடினேன். திருப்பத்திலிருந்து நாற்பது தப்படி இருக்கும். பாறையைக் காணோம். அது இருந்த இடத்தில் செந்தண்ணீர் மரக்கிளைகளைப் புரட்டிக்கொண்டு போனது. மேலே மழை பெய்தால் கீழே சொல்லாமல் வருகிற தண்ணீர் அது. அவனுடைய துண்டு, பொரி மூட்டையோடு கரையில் ஒரு புதரில் மாட்டியிருந்தது. என் தோளில் இருபது முழக் கயிறு கிடந்தது.

மறுநாள் காலை விறகு வெட்ட வந்தவர்கள் அரை மைலுக்குக் கீழே இரண்டு பாறைக்கு நடுவில் அவனைக் கண்டார்கள். கம்பில் வைத்துக் கட்டிக் கொண்டுவர அந்தக் கயிறுதான் உதவியது. முடிச்சுகளை நான்தான் போட்டேன்.

வீட்டு வாசலில் அவன் தாயார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் மகன் கடைசியா என்னய்யா சொன்னான்?" என்று கேட்டார்கள். "நான் முன்னால போயிட்டேன் ஆத்தா. எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றேன்.

அந்த ஒரு பொய் விட்ட இடத்தில் ஊர் தன் கதையை வைத்தது. மலைக்குப் போனவனைச் சும்மா சாமி கைவிடுமா, வீட்டிலே என்ன தப்பு நடந்தது என்று கிளறினார்கள். அன்றைக்கு அவன் பெண்சாதி கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றதைப் பார்த்ததாகப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். அது போதும். விரதத்தில் எண்ணெய் முழுகிப் புருசனை மலைக்குக் கொடுத்தவள் என்று ஆகிவிட்டது. பதினாறாம் நாள் முடிந்ததும், கைக்குழந்தையோடு, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிற அவளை ஸ்ரீவில்லிபுத்தூரில் தகப்பன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வண்டி ஏறும்போது நான் கடையில்தான் இருந்தேன். கயிறு திரிப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டேன்.

கோயிலுக்குப் போகாத நாளில்லை. திருநீறு பூசாமல் வாயில் தண்ணீர் வைத்ததில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த மலைக்கு நான் ஏறவில்லை. கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்றேன். மகனைப் பறிகொடுத்த அந்தத் தாயார், மருமகளைச் சபித்துக்கொண்டே கண்ணை மூடினார்கள். அப்போதும் பக்கத்தில் நின்றேன், வாய் வரவில்லை.

அந்தக் குழந்தை வளர்ந்து பெரியவளானாள். மகாராஜபுரத்தில் ஒரு விவசாயக் குடும்பம் பெண் கேட்டு, வெற்றிலை பாக்கு மாற்ற நாளும் பார்த்தார்கள். பிறகு மாப்பிள்ளையின் தாயார் பழைய கதையைக் கேள்விப்பட்டு, அந்த வயிற்றில் பிறந்தவள் வேண்டாம் என்றுவிட்டாராம். பேட்டைக்கு வந்த வண்டிக்காரர் ஒருவர் இதைச் சொன்னார். மறுநாள் காலை பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன்.

தங்கச்சி வெளியே பாயில் அவித்த நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்தாள். நெல் அவித்துக் குத்தி விற்றுத்தான் பிழைப்பு. "வாங்கண்ணே" என்று செம்பில் தண்ணீர் கொடுத்தாள். அதை வாங்காமலே எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் அவள் நெல்லைத் துழாவுவதை நிறுத்திவிட்டாள்.

"ரெண்டு தடவயா?" என்றாள்.

"ஆமா தாயீ."

"அவிய எப்பவும் ரெண்டு தடவதானண்ணே கூப்புடுவாக."

அவளே மேலே சொன்னாள். "அன்னைக்கு நான் எண்ணெய் தேய்க்கல. பிள்ளைக்குத் தலை காஞ்சு போயிருந்துச்சு, அதுக்குத்தான் தொட்டு வச்சேன். நான் தேச்சேனான்னு இன்னைவரைக்கும் ஒருத்தரும் எங்கிட்டக் கேக்கல." அப்புறம் நெல்லைப் பார்த்துக்கொண்டே, "எங்க அத்தை இருக்கையில இதைச் சொல்லியிருக்கலாமேண்ணே" என்றாள். அழவில்லை. ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அங்கிருந்து மகாராஜபுரம் போனேன். மோர் கொடுத்து உட்கார வைத்துக் கேட்டார்கள். மாப்பிள்ளையின் தாயார் முடிவில், "செத்த சிநேகிதனுக்காகப் பொய் சொல்றதும் புண்ணியந்தான் அண்ணாச்சி" என்றார். பொய்யை உடனே நம்பிய உலகம், உண்மையை நம்பவில்லை. அந்தச் சம்பந்தம் போனது போனதுதான். பெண்ணை மறு வருசம் இரண்டாந்தாரமாக வேறிடத்தில் கொடுத்தார்கள்.

நான் சொல்லிவிட்ட பிறகு கதை நின்றதா என்றால், இல்லை. புதிது புதிதாக முளைக்கிறது. நான் கயிற்றை வீசியதாகவும், அவன் கைக்கு எட்டாமல் போனதாகவும் சிலர் சொல்கிறார்கள். என்மேல் பிரியமுள்ளவர்கள் சொல்வது அது. அவன் கூப்பிடவே இல்லை, மலைமேல் திரிகிறதுதான் அவன் குரலில் கூப்பிட்டது என்று சிலர். என் மகனே அவனுடைய பிள்ளைகளுக்கு, மூன்றாவது குரல் கேட்டதும் தாத்தா ஓடினார் என்று சொல்வதைக் கேட்டேன்.

இதைப் படிக்கிறவர்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். யாருக்காவது சொன்னால் இப்படியே சொல்லுங்கள். சுவாமிமேல் பழி போட வேண்டாம், அவர் யார் உயிரையும் கேட்கவில்லை. அந்தத் தங்கச்சி விரதம் முறிக்கவில்லை. கயிறு என் தோளை விட்டு இறங்கவில்லை. எனக்காக இரக்கப்பட்டு மூன்றாவது குரலைச் சேர்க்காதீர்கள். அவன் இரண்டு தடவை கூப்பிட்டான். நான் போகவில்லை.